ஆறில் நிற்க வேண்டியது

ஆறு வரிசை இருக்க வேண்டிய இடத்தில் ஏழு இருந்தது.

தங்கை திரையின் மேல் விரலை வைத்து எண்ணினாள். திரையில் யாராவது விரல் வைத்தால் ஆபீசையே இரண்டாக்குகிறவள் அவள்தான். மேலிருந்து கீழே எண்ணினாள், ஏழு. கீழிருந்து மேலே எண்ணினாள், அப்போதும் ஏழு.

பயந்தாளா என்றால் இல்லை. உள்ளூரக் குளிர்ந்துபோனாள். அடுத்தவர் செய்த வேலையில் ஓட்டை கண்டுபிடிப்பதற்கென்றே மாதச் சம்பளம் வாங்குகிறவளுக்கு, சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு உட்கார்ந்த இடத்திலேயே ஓர் ஓட்டை கிடைத்தால் கசக்குமா? ஐந்து வயதில், பக்கத்து வீட்டுப் பிறந்தநாளில், கேக்கின் மேல் ஒரு மெழுகுவத்தி குறைகிறது என்று கூட்டத்தின் நடுவில் நின்று சொன்னவள். அன்றைக்கு அக்கா வைத்த பெயர்தான் 'நொட்டை'. பெயர் நிலைத்துவிட்டது, குணமும் நிலைத்துவிட்டது.

முதல் மாடியில் அந்த இரண்டு பேர்தான் குடியிருந்தார்கள். இருவருக்கும் ஏன் கல்யாணம் ஆகவில்லை என்பதற்குத் தெருவில் நான்கு கதைகள் உலவுகின்றன. நான்கும் பொய். ஐந்தாவது இன்னும் தயாராகவில்லை. தாய் தகப்பன் போனபிறகு தங்கையைப் படிக்க வைத்தது, காய்ச்சலுக்குக் கஷாயம் காய்ச்சியது, பரீட்சைக்கு எழுப்பிவிட்டது எல்லாம் அக்காதான். ஒருத்தியை விட்டால் இன்னொருத்திக்கு நாதி கிடையாது. இதை இரண்டு பேரும் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அதற்குப் பதிலாக நாள் முழுக்கச் சண்டை போட்டுக்கொள்வார்கள்.

அக்காவுக்குப் பேருந்து ஓட்டும் வேலை. பத்தொன்பது வருஷத்தில் ஒரு சைக்கிளைக்கூட உரசாதவள், போன வாரம், டிப்போவில் நிறுத்திவைத்த பேருந்திலிருந்து இறங்கும்போது படி தவறிக் கணுக்காலை உடைத்துக்கொண்டாள். வலது காலில் முழங்கால்வரை மாவுக்கட்டு, கையில் ஓர் ஊன்றுகோல். அந்த வாரம் முழுக்க வீட்டில் ஒரே சத்தம். ஊன்றுகோலின் ரப்பர் முனை தரையில் விழும் 'டொக்', பின்னாலேயே மாவுக்கட்டு இழுபடும் 'சர்ர்'. தூக்கத்தில் கேட்டால்கூட அக்கா எந்த அறையிலிருந்து எந்த அறைக்குப் போகிறாள் என்று தங்கை சொல்லிவிடுவாள்.

தங்கையின் வேலையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அவள் கம்பெனி டீபக்கர் செய்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமைப் பாதியில் பிடித்து நிறுத்தி, அந்த நொடியில் அதன் வயிற்றுக்குள் என்னென்ன எண்கள் இருக்கின்றன என்று எட்டிப் பார்க்கும் கருவி. தெருவில் ஜன்னலோரம் நின்று அடுத்த வீட்டை வேவு பார்ப்பவர்களுக்கு இதைவிட விளக்கம் தேவையில்லை. திங்கட்கிழமை புதுப் பதிப்பு வெளியாகிறது. அதற்குள் தங்கை ஒன்றைச் சோதித்து முடிக்க வேண்டும். ஃபங்ஷன் என்பது புரோகிராமுக்குள் பெயர் வைத்த ஒரு சின்ன வேலைத்துண்டு; சில ஃபங்ஷன்கள் தங்களையே கூப்பிட்டுக்கொள்ளும். கூப்பிடப்பட்டது மறுபடி தன்னைக் கூப்பிடும், அது மறுபடியும். ஒவ்வொரு அழைப்புக்கும் அதற்கென்று தனியாகச் சில எண்கள் உண்டு, ஒன்றின் எண்ணை இன்னொன்று தொடாது. டீபக்கர் அந்த அழைப்புகளை ஒன்றின்கீழ் ஒன்றாக வரிசையாகக் காட்டும். எந்த வரிசையைச் சொடுக்கினாலும் அதன் சொந்த எண்களைத்தான் காட்ட வேண்டும். போன பதிப்பில் எல்லா வரிசைக்கும் ஒரே எண்களைக் காட்டி மானத்தை வாங்கியது.

இதை அக்காவுக்கு விளக்கப்போய்த்தான் காலையில் ஒரு சண்டை.

"அப்ப மேல இருக்கிறவ என்னடி பண்ணுவா?"

"காத்திட்டிருப்பா. அவ கூப்பிட்டவ திரும்பி வர்ற வரைக்கும் அசைய முடியாது."

"கீழ போனவ திரும்பி வரலன்னா?"

"வருவாக்கா. கடைசி ஒருத்திகிட்ட, போதும், திரும்பிப் போன்னு எழுதியிருக்கும்."

"எழுத மறந்துட்டா?"

"நான் மறக்க மாட்டேன்."

"ஆமாமா, நீ எங்க மறப்ப. போன வருஷம் நான் சாப்பிட்ட வடிகட்டாத டீயையே இன்னும் மறக்கல" என்று அக்கா போர்வையை இழுத்துக்கொண்டாள்.

சோதனைக்கு எழுதும் புரோகிராமில் மற்றவர்கள் எக்ஸ், ஒய் என்று போட்டு ஒன்று, இரண்டு என்று நிரப்புவார்கள். தங்கை அப்படிச் செய்ய மாட்டாள். தன் வீட்டையே எடுத்துப் போடுவாள். தெரிந்த கணக்கென்றால் தப்பு கண்ணில் குத்தும் என்பது அவள் கட்சி. இந்த முறை ஃபங்ஷனுக்கு 'வீடு' என்று பெயர். அதற்குள் நான்கு எண்கள்: எத்தனையாவது ஆழம், அறைக்கதவு ஐந்து, ஊன்றுகோல் ஒன்று, ஆள் இரண்டு. வீட்டுக்குள் வீடு, அதற்குள் வீடு என்று ஆறுமுறை இறங்கி, ஆறில் நின்று, திரும்பிவிட வேண்டும்.

ஆறாவதில் அவளே நிறுத்தி வைத்தாள். ஏழு வரிசை வந்து நின்றது.

ஏழாவதைச் சொடுக்கினாள்.

ஆழம் 7. கதவு 5. ஊன்றுகோல் 2. ஆள் 3.

டீபக்கரில் அந்தப் பகுதியை எழுதிய புரோகிராமருக்கு உடனே போன் போட்டாள். எண்களைக் காட்டும் ஜன்னலை எழுதியவர் என்பதால் ஆபீசில் அவருக்குப் பெயரே 'ஜன்னல்'.

"ஏழா? என்கிட்ட ஆறுதாங்க வருது. நீங்க அனுப்பினததான் ஓட்டிட்டிருக்கேன்."

"எனக்கு ஏழு. அதுல ஆள் மூணுன்னு காட்டுது."

"வீட்டுக்கு யாராவது வந்திருப்பாங்க. போய் உக்காரச் சொல்லுங்க."

"நான் சிரிக்கிற மாதிரி இல்ல."

"நீங்க என்னைக்குங்க இருந்தீங்க? சரி, சரி. எண்ண மாத்திப் பாருங்க. ஒரு வரிசையில மாத்தினா இன்னொண்ணுல மாறுதான்னு. ஆனா பாத்து, ஸ்கிரீன் புதுசாகிறப்ப செலக்ஷன் முதல் வரிசைக்குத் தாவிடும்."

"அந்தத் தப்ப எழுதிக் குடுத்ததே நான்தான். மூணு மாசம் ஆச்சு. நீங்கதான் 'பிறகு பார்க்கலாம்'னு போட்டீங்க."

"அதான் பிறகு பார்க்கலாமே" என்று சொல்லிவிட்டு ஜன்னல் போனைச் சாத்தினார்.

வெளியே மழை பிடித்திருந்தது. அடித்துப் பெய்கிற மழை இல்லை, மேகம் கூரைவரைக்கும் இறங்கி உட்கார்ந்துகொண்டு நாள் முழுக்க ஒரே சீராகச் சொட்டுகிற மழை. பகல் மூன்றரைக்கே அறைக்குள் சுவர்கள் சாம்பல் பூத்திருந்தன. லேப்டாப்பின் வெளிச்சம் மட்டும் மேசையின் ஓரத்தைத் தொட்டுவிட்டு அங்கேயே நின்றது. வாசல்பக்கம் முன்னறை, அடுத்தது தங்கை உட்கார்ந்திருந்த வேலையறை, பிறகு சமையலறை, குளியலறை, கடைசியில் அக்காவின் அறை என்று ஐந்து கதவுகளும் ஒரே நடைவழியில் வரிசையாகத் திறக்கிற வீடு. நடைவழி விளக்கைப் பகலில் போடக்கூடாது என்பது அக்காவின் சட்டம்.

டொக். சர்ர்.

முன்னறையில். மழை பார்க்க வந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டே தங்கை ஏழாவது வரிசையை மறுபடி சொடுக்கினாள்.

டொக். சர்ர்.

"அக்கா, எழுந்து நடக்காதன்னு டாக்டர் சொன்னாரா இல்லையா?"

"நான் எங்கடி நடந்தேன்?" குரல் முன்னறையிலிருந்து வரவில்லை. நடைவழியின் மறுகோடியிலிருந்து, சாத்தியும் சாத்தாத கதவுக்குப் பின்னாலிருந்து, தூக்கக் கலக்கத்தோடு வந்தது. "படுத்தவ படுத்தபடியே கெடக்கேன்."

தங்கை எழுந்து போய்ப் பார்த்தாள். அக்கா மாவுக்கட்டுக் காலை இரண்டு தலையணைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஊன்றுகோல் கட்டில் சட்டத்தில் சாய்ந்திருந்தது.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? உன் கம்ப்யூட்டர் கடிச்சிடுச்சா?"

"இல்ல. சத்தம் கேட்டுது."

"கீழ் வீட்டுக்காரர் நாற்காலிய இழுப்பார். அவருக்கு வேற வேலை என்ன? வந்ததுதான் வந்த, ஒரு டீ போட்டுக் குடு. வடிகட்டி."

டீயைப் போடுவதற்கு முன் தங்கை முன்னறையை எட்டிப் பார்த்தாள். வாசற்கதவு உள்ளே தாழிட்டபடி இருந்தது. அந்தக் கதவிலிருந்து அறையின் குறுக்காகத் தரையில் நான்கு ஈர வட்டங்கள், ஒவ்வொன்றும் ஒரு பழைய நாணயத்தின் அகலத்தில், ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளியில். ஒவ்வொரு வட்டத்தின் அருகிலும், யாரோ ஈரச் சாக்கை இழுத்துப்போன மாதிரி, வெளுத்த ஒரு தடம். நான்காவது வட்டம் முன்னறையின் வாசற்படியைத் தாண்டி, நடைவழியில் இருந்தது. அதோடு முடிந்தது. கூரையைப் பார்த்தாள். ஒழுக்கு இல்லை.

டீயை மறந்தாள். வேலையறைக்குத் திரும்பி, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஏழாவது வரிசையில் கதவு 4 என்று இருந்தது.

நிறுத்தி வைத்த புரோகிராமில் எண் மாறாது. இது அந்த வேலையில் அரிச்சுவடி. நிறுத்திய பேருந்தின் சக்கரம் எப்படிச் சுற்றாதோ அப்படி மாறாது. மற்ற ஆறு வரிசைகளையும் சொடுக்கினாள். ஐந்து, ஐந்து, ஐந்து, ஐந்து, ஐந்து, ஐந்து. ஏழாவதில் மட்டும் நான்கு.

அப்போதே அக்காவைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வெளியேறியிருக்கலாமே என்று சுலபமாகக் கேட்கலாம். என்ன சொல்லிக் கூட்டிப்போவது? ஓர் எண் மாறிவிட்டது, வா ஓடிவிடுவோம் என்றா? அக்கா அதைச் சாகும்வரை சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். கேலிக்குப் பயந்துதான் தங்கை நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். பெரிய பயம் வரும்வரைக்கும் சின்ன பயங்கள்தானே மனுஷரை ஆட்டி வைக்கின்றன.

டொக்.

இப்போது நடைவழியில். சுவரை ஒட்டி.

சர்ர்.

மழையின் சத்தத்துக்கு அடியில் அது தெளிவாகக் கேட்டது. அவசரமில்லை. ஒவ்வோர் எட்டுக்கும் நடுவில் மூச்சு வாங்குகிற மாதிரி ஓர் இடைவெளி, ஆனால் மூச்சு வாங்கும் சத்தம் கேட்கவில்லை. கதவிடுக்கு வழியாக ஒரு வாடை உள்ளே வந்தது. மாவுக்கட்டு போட்ட அன்று ஆஸ்பத்திரியில் அடித்த அதே வாடை, ஈரச் சுண்ணாம்பும் பஞ்சுத்துணியும் கலந்தது. அதன் அடியில் வேறொன்று, நெடுநாள் கட்டுக்குள் கிடந்த தோலுடையது. அக்காவின் கட்டுக்கு வயது ஒரு வாரம்தான். இந்த வாடைக்குப் பல வருஷம் இருக்கும்.

கதவின் கீழ் இடுக்கில் சாம்பல் வெளிச்சம் ஒரு கோடாகத் தெரிந்தது. அந்தக் கோட்டில் ஒரு சின்ன இருட்டு வந்து நின்றது. பக்கத்தில் ஒரு பெரிய இருட்டு.

நின்றது.

தங்கை மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கதவுக்குத் தாழ் கிடையாது. தாழ் வைக்க வேண்டும் என்று இரண்டு வருஷமாக நொட்டை சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்தான்.

டொக். சர்ர்.

சின்ன இருட்டு நகர்ந்தது. பெரிய இருட்டு இழுபட்டது. வெளிச்சக் கோடு மறுபடி முழுசானது. தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று உடம்பு முதலில் குளிர்ந்தது. பிறகுதான் மனசுக்கு உறைத்தது. அது இவளைத் தேடி வரவில்லை. திரையில் கதவு 3.

இன்னும் மூன்று கதவுகள். சமையலறை. குளியலறை. அக்கா.

கூப்பிட்டால் சத்தம் கேட்கும். போனை எடுத்தாள். விரல் இரண்டு தடவை தப்பி விழுந்தது. மூன்றாம் தடவை மணி போயிற்று. நடைவழிக் கோடியில் அக்காவின் போன் அலறியது.

"ஒரே வீட்டுக்குள்ள போன் வேறயா? டீ எங்கடி?"

"அக்கா, மெதுவா பேசு."

"மெதுவா என்ன பேசறது? நீ பண்றது எனக்குக் கேக்காதுன்னு நெனச்சியா? டொக்கு டொக்குன்னு. நான் நொண்டுற மாதிரியே நொண்டிக் காட்டுறியாக்கும். கால் உடைஞ்சவளப் பாத்துக் கிண்டல் பண்ணினா உருப்படுவியா நீ?"

"நான் ரூம்ல உக்காந்திருக்கேன்."

"பொய் சொல்லாத. சமையல்கட்டுப் பக்கம் இப்பக்கூடக் கேக்குது. என் கட்டையத்தான எடுத்துட்டு..." அக்கா நிறுத்தினாள். போர்வை சரசரத்தது. மறுபடி பேசியபோது குரல் தணிந்திருந்தது. "நொட்டை. கட்டை இங்கதான்டி இருக்கு."

"தெரியும்."

"அப்ப அது யாரு?"

"கதவச் சாத்து. எழுந்து போய்த் தாழ் போடு. இப்பவே போடுக்கா."

"எழுந்து வரணுமேடி" என்றாள் அக்கா. கட்டில் முனகியது. பிறகு, டொக். சர்ர். அது அக்காவுடையது. அதற்குப் பதில் சொல்வது போல நடைவழியிலிருந்து இன்னொன்று. டொக். சர்ர். இரண்டும் ஒன்றையொன்று நோக்கி வந்தன. அக்காவின் நடைக்கு அவசரம் இருந்தது. மற்றதற்கு இல்லை.

கதவு 2.

அந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் விளக்குமாற்றையோ அரிவாள்மணையையோ எடுத்துக்கொண்டு நடைவழிக்கு ஓடியிருப்பார்கள். தங்கை விசைப்பலகையை எடுத்தாள். இருபத்தெட்டு வயதில் ஒருத்திக்குக் கைக்குப் பழகிய ஆயுதம் அதுதான். ஏழாவது வரிசையில் ஆள் மூன்று. வேண்டாத ஆள் ஒன்று. ஒன்றைக் கழித்துவிட்டால் தீர்ந்தது. இரண்டு என்று நேராக அடிக்கலாம். அடிப்பதற்குள் எண் மறுபடி மாறிவிட்டால்? அதையும் யோசித்தாள் மகராசி. எவ்வளவு இருந்தாலும் அதில் ஒன்று குறையட்டும் என்று, ஏழாவதைச் சொடுக்கிவிட்டு, 'ஆள் - 1' என்று அடித்தாள். எந்தச் சோதனையிலும் அவளை ஒருவரும் அஜாக்கிரதை என்று சொன்னதில்லை.

திரை ஒருதரம் மினுங்கியது. அவள் எண்டர் விசையைத் தட்டினாள்.

சத்தம் நின்றது.

நடைவழியில் ஒன்றுமில்லை. மழை மட்டும். வாடைகூட வடிந்துவிட்டது. தங்கை நாற்காலியில் சாய்ந்து, வாயால் மூச்சு விட்டாள். காதில் போன் இன்னும் இருந்தது.

"அக்கா. போயிடுச்சு. பயப்படாத."

போனைக் காதோடு அழுத்தினாள்.

"அக்கா?"

இணைப்பு அறுபடவில்லை. ஓர் இரைச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு நீளமான நடைவழியின் கடைசியில் போனை வைத்துவிட்டுப் போன மாதிரி.

அப்போதுதான் திரையைப் பார்த்தாள். சொடுக்கிய வரிசையைக் காட்டும் நீலப் பட்டை ஏழாவதில் இல்லை. முதல் வரிசையில் இருந்தது. திரை மினுங்கிய நொடியில் தாவியிருக்கிறது. மூன்று மாதமாகத் தாவிக்கொண்டிருந்தது. எழுதிக் கொடுத்தது அவள்தான்.

முதல் வரிசை. ஆழம் 1. கதவு 5. ஊன்றுகோல் 0. ஆள் 1.

முதல் வரிசை என்றால் இந்த வீடு.

நடைவழியில் ஓடினாள். அக்காவின் அறைக்கதவு திறந்து கிடந்தது. கட்டிலில் இரண்டு தலையணைகள், மேலே இருந்ததில் குதிகாலின் பள்ளம். கையை வைத்தாள். சூடு இருந்தது. சட்டத்தில் ஊன்றுகோல் இல்லை. ஜன்னல் கம்பிகள் இருந்த இடத்தில் இருந்தன. குனிந்து கட்டிலுக்கடியில் பார்த்தாள். அலமாரியைத் திறந்து பார்த்தாள். ஆறடிப் பெண்பிள்ளையை அலமாரிக்குள் தேடுகிறோமே என்று வேறொரு நாளாக இருந்தால் அவளே சிரித்திருப்பாள்.

போன் அதிர்ந்தது, ஆபீசிலிருந்து. ஜன்னல்.

"என்னங்க ஆச்சு? இன்னும் ஏழா?"

"நான்... தப்பான வரிசையில மாத்திட்டேன்."

"அவ்வளவுதானே. நிறுத்திட்டு மறுபடி முதல்லேர்ந்து ஓட்டுங்க."

"நிறுத்தினா அதுக்குள்ள இருக்கறதெல்லாம் என்ன ஆகும்?"

"என்ன ஆகும், அழிஞ்சு போயிடும். எண்ணுதானேங்க."

"நிறுத்தக் கூடாது" என்று அவள் கத்தியதில் அவர் பயந்து போனை வைத்துவிட்டார்.

திரும்பி ஓடி வந்து ஏழாவதைச் சொடுக்கினாள். ஊன்றுகோல் 3. கதவு 2. ஆள் 4.

கழிந்தது அங்கே சேர்ந்திருக்கிறது. அக்கா அங்கே இருக்கிறாள். அதுவும் அங்கே இருக்கிறது, அவளுக்கு இரண்டு கதவு தள்ளி.

முதல் வரிசையில் ஒன்றைக் கூட்டினால் ஒருத்தி திரும்பி வருவாள். விரலை விசைமேல் வைத்தாள். எடுத்தாள். அந்த எண் எத்தனை பேர் என்றுதான் சொல்கிறது. யார் என்று சொல்லவில்லை. இந்த வீட்டுக்கு இரண்டாவது ஆளாக, டொக் என்றும் சர்ர் என்றும் நடந்து வந்து, டீ கேட்டு, அந்தத் தலையணைமேல் காலைத் தூக்கி வைக்கப்போவது எது?

விரலை மடக்கிக்கொண்டாள்.

"நொட்டை."

மெல்லியதாக. நடைவழிக் கோடியிலிருந்து. போனில் இல்லை.

"நொட்டை, எங்கடி போன?"

லேப்டாப்பை மூடாமல், எதையும் தொடாமல், எழுந்து போனாள். சமையலறையைத் தாண்டினாள். குளியலறையைத் தாண்டினாள். அக்காவின் அறைக்கதவு இப்போது சாத்தியிருந்தது. சற்றுமுன் அவள் திறந்தபடிதான் விட்டுவிட்டு வந்தாள். கைப்பிடி ஈரமாக இருந்தது. தள்ளினாள்.

கட்டில் இல்லை. அலமாரி இல்லை. ஒரு நடைவழி இருந்தது.

அதே நடைவழி. அதே ஐந்து கதவுகள். விளக்குப் போடாத அதே சாம்பல் வெளிச்சம். அதன் கோடியில் அக்காவின் அறைக்கதவு திறந்திருந்தது. அதில் ஒருத்தி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அவிழ்ந்து தொங்கிய பாதிப் பின்னல். தங்கை காலையில் மாட்டிக்கொண்ட அதே பச்சைச் சட்டை. வலது கை கைப்பிடியில்.

அவளுக்கு அப்பால் இன்னொரு நடைவழி. கோடியில் இன்னொருத்தி. பச்சைச் சட்டை. அவளுக்கும் அப்பால். சின்னதாகிக்கொண்டே. தங்கை எண்ணினாள். எண்ணாமல் இருக்க அவளால் முடியாது. முன்னால் ஐந்து முதுகுகள். தன்னையும் சேர்த்து ஆறு.

கடைசி முதுகுக்கு அப்பால் ஒரு கடைசி நடைவழி, அதன் கோடியில் ஒரு கட்டில். கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் அக்கா. ஊசிமுனை அளவுக்கு. ஊன்றுகோலில் சாய்ந்து, ஒரு கையால் தாழ்ப்பாளைத் தேடிக்கொண்டிருந்தாள். அந்தக் கதவில் தாழ்ப்பாள் இல்லை.

"அக்கா!"

ஆறு குரல்கள் கத்தின.

ஓட நினைத்தாள். இடது காலைத் தூக்கச் சொன்னாள். கால் தூங்கவில்லை, மரத்துப்போகவில்லை. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அசையவில்லை. முன்னால் நின்றவள் அசைந்தால்தான் இவள் அசையலாம். முன்னால் நின்றவள் அவளுக்கு முன்னால் இருப்பவளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் அடுத்தவளை. உள்ளே இருப்பவள் முதலில் திரும்ப வேண்டும்.

டொக்.

கடைசி நடைவழியில். சமையலறையைத் தாண்டி.

சர்ர்.

அக்கா அதைப் பார்த்துவிட்டாள். கத்தவில்லை. பத்தொன்பது வருஷம் பேருந்து ஓட்டியவள், எதிரே வருவதை அளந்து பார்க்கிற அதே பார்வையில் பார்த்தாள். அதற்குப் பின்னால், ஒரு கதவில் ஒருத்தியாக நின்ற தங்கைகளையும் பார்த்தாள். ஒவ்வொருத்தியாக. முகத்தில் முதலில் ஒரு சிரிப்பு வந்தது. வந்துவிட்டாளே என்கிற சிரிப்பு. இத்தனை பேர் வந்துவிட்டார்களே.

டொக்.

ஆறு கைகள் ஆறு கைப்பிடிகளில் அப்படியே இருந்தன.

சர்ர்.

அக்காவின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. கோபம் வரவில்லை. கேலி வரவில்லை. பின்னோக்கித் தடுமாறிப் போனாள். முழங்கால் கட்டிலில் இடித்தது. உட்கார்ந்தாள். ஊன்றுகோலை இரண்டு கையாலும் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

வெளுத்த, அகலமான ஒன்று அவளை மறைத்துக்கொண்டு நின்றது. அதன் தோளுக்கு மேலே, ஆறு பேருக்கும் தெரிகிற மாதிரி, அக்காவின் ஒரு கை மட்டும் உயர்ந்தது.

"யாராவது ஒருத்தியாவது வாங்கடி."